அந்த முடுக்கை அடைத்தவன் நான்

ஆக்லாந்தின் தெற்கே மனுரேவாவில் நான் குடியிருக்கும் தெருவின் கடைசியில், இரண்டு வீட்டு வேலிகளுக்கு நடுவே, கிரேட் சவுத் ரோட்டுக்குப் போகும் ஒரு முடுக்கு இருந்தது. இரண்டு பேர் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கலாம், அவ்வளவுதான் அகலம். இப்போது அது இல்லை. அதை அடைக்கச் சொல்லிக் கவுன்சிலுக்கு மனு எழுதியவன் நான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவனும் நான்தான். அந்த மனுவில் பொய் எழுதினேன். அடைத்த பிறகு அந்த நிலத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி என் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டேன். யார் அடைத்தது என்று கேட்டவரிடம் இன்னொரு பொய்யும் சொன்னேன். இதுவரை ஒருசிலருக்கு மட்டும் தெரிந்த இந்தச் செய்தியை வெளியே சொல்லாமல் இருப்பது இனி சரியல்ல.

இந்த ஊரின் தெருக்கள் எப்படி அமைந்தன என்று கொஞ்சம் சொன்னால்தான் நான் செய்ததன் அளவு புரியும். ஆக்லாந்தில் டிராம் வண்டிகள் 1956 டிசம்பரோடு நின்றுபோயின. அதற்கு முன்பே தெற்கு நோக்கி மோட்டார்வே போடத் தொடங்கிவிட்டார்கள். 1965-இல் மனுகாவ் என்று தனி நகரமே உருவானது. அந்தக் காலத்தில் இங்கே எழுந்த குடியிருப்புகள் எல்லாம் காரை நம்பியே எழுந்தன. பெரிய சாலையிலிருந்து ஒரு தெரு கிளைக்கும், அதிலிருந்து இன்னொன்று கிளைக்கும், கடைசியில் கார் திரும்புவதற்கு வட்டமாக ஒரு இடம் விட்டு முடிந்துவிடும். உள்ளே வேலை இல்லாத வண்டி எதுவும் வராது. பிள்ளைகள் நடுத்தெருவில் பந்து விளையாடலாம். ஆனால் திட்டம் போட்டவர்கள் நடப்பவர்களை முழுக்க மறந்துவிடவில்லை. பள்ளிக்கும் பூங்காவுக்கும் பெரிய சாலைக்கும் குறுக்கே நடந்து போக, வேலிகளுக்கு இடையில் முடுக்குகளை விட்டுவைத்தார்கள். காருக்கு முட்டு, காலுக்கு வழி. அப்படி இருந்தவரை அந்தத் தெருக்களின் அமைதியில் குற்றம் ஏதும் இல்லை.

எங்கள் தெருவின் அமைதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீரியில் உள்ள கிடங்குகள், விமான நிலையத்தின் சரக்குப் பிரிவு, மிடில்மோர் மருத்துவமனை என்று ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே அதிகம். எந்த நேரமும் ஏதோ ஒரு வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். பகல் பதினோரு மணிக்குத் திரை மூடிய வீடுகள் வரிசையாகத் தெரியும். உழைப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமலே காத்துவந்த அமைதி அது. வீடு வாங்கிக் குடிவந்த நான் அதை எனக்கென்று விலை கொடுத்து வாங்கிய பொருளாக நினைத்துக்கொண்டேன்.

2007-இல் இங்கே வந்து இறங்கியபோது என்னிடம் கார் இல்லை. பாப்பாட்டோடோவில் ஒரு அறையில் தங்கி, இதேபோல் ஒரு முடுக்கு வழியாகத்தான் ரயிலுக்கும் பேருந்துக்கும் போனேன். மழைக் குளிரில், விடியாத நேரத்தில், அந்த முடுக்கு மிச்சப்படுத்தித் தந்த நடை எவ்வளவு பெரியது என்பது என் காலுக்குத் தெரியும். மறக்க நியாயமில்லாத ஒன்றை மறந்தேன். கார் வாங்கினேன், பிறகு வீடு வாங்கினேன். ரயில் நிலையத்துக்குக் காரில் போய், அங்கே நிறுத்திவிட்டு, நகரத்துக்கு ரயில் ஏறினேன். பொதுப் போக்குவரத்தில் போகிறவன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது.

2016 அக்டோபர் 30 அன்று தெற்கு ஆக்லாந்தின் பேருந்து வழிகளை ஒரேயடியாக மாற்றினார்கள். தெருத்தெருவாக வளைந்து வளைந்து எப்போதாவது வந்த வண்டிகளைக் குறைத்து, பெரிய சாலைகளில் நேராக, அடிக்கடி ஓடும் வண்டிகளாக்கினார்கள். பாப்பாகுராவிலிருந்து மனுரேவா, மனுகாவ் வழியாக ஓட்டாஹுஹு போகும் 33-ஆம் எண் அப்படி வந்ததுதான். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை, வாரத்தில் ஏழு நாளும், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. நல்ல மாற்றம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வண்டி வாசலுக்கு வராது, நாம்தான் பெரிய சாலைக்கு நடக்க வேண்டும். பேருந்து நிறுத்தம் 400 மீட்டர் நடைக்குள் இருக்க வேண்டும் என்பது போக்குவரத்துத் திட்டக்காரர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. வரைபடத்தில் வட்டம் போட்டால் எங்கள் தெரு அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். தரையில் வரவேண்டுமென்றால் முடுக்கு திறந்திருக்க வேண்டும். முடுக்கு வழியே நிறுத்தத்துக்கு நாலைந்து நிமிடம். அது இல்லையென்றால் தெரு முழுவதும் திரும்பி நடந்து, அடுத்த தெருவில் சேர்ந்து, சுற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்.

புதிய வழிகள் வந்த பிறகு முடுக்கில் நடமாட்டம் கூடியது. என் வேலி ஓரமாகத்தான் எல்லோரும் போனார்கள். விடியற்காலையில் செருப்புச் சத்தம். மாலையில் முடுக்கின் வாயில் நாலைந்து பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாவோரிப் பையன்கள், சமோவா, டோங்கா குடும்பத்துப் பையன்கள். போனில் பாட்டு ஓடும். நான் போகும்போது தலையைச் சற்று உயர்த்தி, புருவத்தைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள். இந்த ஊரில் அது மரியாதைதான். அவர்கள் ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. சில நாள் உடைந்த பாட்டில் கிடக்கும். யார் உடைத்தது என்று நான் பார்த்ததும் இல்லை, விசாரித்ததும் இல்லை. அவர்கள்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அவர்களுடைய உடல்வாகையும் நிறத்தையும் வைத்து முடிவு செய்தேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரப் பையன்கள் உட்கார்ந்திருந்தால் நான் மனு எழுதியிருக்க மாட்டேன்.

மனுவில் இரண்டு காரியங்களை எழுதினேன். கடந்த ஓராண்டில் இந்த முடுக்கு வழியாகப் பல திருட்டுகள் நடந்திருக்கின்றன என்பது ஒன்று. என் வீட்டில் ஒரு செருப்புகூடக் காணாமல் போனதில்லை. அடுத்த தெருவில் யாரோ ஒரு காரின் கண்ணாடியை உடைத்தார்கள் என்று காதில் விழுந்த செய்தியைப் ‘பல திருட்டுகள்’ ஆக்கினேன். இரண்டாவது, பெண்கள் இந்த வழியில் நடக்க அஞ்சுகிறார்கள் என்பது. என் மனைவி அந்த வழியாகத்தான் தினமும் பேருந்துக்குப் போனாள். கையெழுத்துக் கேட்டபோது காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் பயமில்லங்க. உங்க பயத்தை உங்க பேர்லயே எழுதுங்க” என்று திருப்பிக் கொடுத்தாள். அவள் கையெழுத்துப் போடவில்லை. அந்த வரியையும் நான் எடுக்கவில்லை.

கையெழுத்து வாங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பகலில் போனேன். கதவைத் திறந்தவர்களிடம் பேசினேன். பெரும்பாலும் கார் வைத்திருந்தவர்கள், வீட்டு விலை பற்றிப் பேச்சு எடுத்தால் காது கொடுத்தவர்கள். திரை மூடிக் கிடந்த வீடுகளின் கதவைத் தட்டவில்லை. இரவு வேலை பார்த்தவர்கள், தூங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டுக்காரர்கள்தாம் முடுக்கை அதிகம் பயன்படுத்தியவர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தட்டியிருந்தால் முடியாது என்றிருப்பார்கள். அதனால்தான் தட்டவில்லை.

முடுக்கு இருட்டாக இருந்தது உண்மை. ஆனால் அந்த இருட்டில் என் பங்கும் இருந்தது. உள்ளிருந்து முடுக்கு தெரியாத அளவுக்கு உயரமான மரவேலியை நான்தான் போட்டிருந்தேன், அதற்குமேல் செடியும் வளர்த்திருந்தேன். 2005-இல் நியூசிலாந்து நீதி அமைச்சகம், ஊர் அமைப்பின் மூலமாகவே குற்றத்தைக் குறைப்பது எப்படி என்று வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. பொதுவழி பாதுகாப்பாக இருக்க அது முதன்மையாகச் சொல்லும் வழிகளில் ஒன்று, அக்கம்பக்கத்து வீடுகளின் கண் அதன்மேல் படும்படி வைப்பது: தாழ்ந்த வேலி, வெட்டிவிட்ட செடி, நல்ல விளக்கு. முடுக்கை அடைப்பதற்கு முன் வேலியைத் தாழ்த்தலாமே என்ற யோசனை எனக்கும் சொல்லப்பட்டது. என் வீட்டுக்குள் யாரும் பார்க்கக் கூடாது என்று மறுத்தேன். வழியை இருட்டாக்கியவனே இருட்டாக இருக்கிறது என்று புகார் எழுதினான்.

அடைப்பதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இருந்தது, ஆனால் அது விழித்திருப்பவர்களுக்கும் ஆங்கிலம் படிப்பவர்களுக்கும் மட்டுமே கண்ணில் பட்டது. இங்கே இத்தகைய முடுக்கும் சட்டப்படி ஒரு சாலைதான். அதை நிரந்தரமாக அடைக்க 1974-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், பத்தாம் அட்டவணையின்படி பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வழியின் இரண்டு முனைகளிலும் அறிவிப்பு வைக்க வேண்டும். குறைந்தது 40 நாள் ஆட்சேபம் சொல்ல அவகாசம் உண்டு. ஆட்சேபம் வந்து, அதை நிர்வாகம் ஏற்காவிட்டால், விஷயம் சுற்றுச்சூழல் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். ஒரே ஒருவர் எழுதியிருந்தால்கூட என் மனு அங்கே நின்று பதில் சொல்லியிருக்கும். யாரும் எழுதவில்லை. விடியாத இருட்டில் அந்த அறிவிப்பைக் கடந்து வேலைக்குப் போனவர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள் என்று எண்ணி அன்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அடைத்த பிறகு நிலத்தை இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். வாங்கினேன். என் பகுதியில் எலுமிச்சை வைத்தேன். நன்றாகக் காய்க்கிறது.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். முதியோருக்கான கோல்டு கார்டு வைத்திருப்பவர். அந்த அட்டை இருந்தால் காலை ஒன்பதுக்கு மேல் பேருந்தில் கட்டணம் இல்லை. தினமும் ஒன்பது தாண்டியதும் முடுக்கு வழியாக நடந்து, 33-இல் ஏறி மனுகாவ் போவார். கடையில் ஏதாவது வாங்குவார், நூலகத்தில் உட்காருவார், தெரிந்தவர்களைப் பார்ப்பார். இந்த நாட்டில் அவருக்கென்று இருந்த வெளியுலகம் அந்தப் பேருந்துதான். மனு எழுதியபோது அவர் என் நினைவில் வரவே இல்லை. பையன்களை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலி போட்ட சில நாளில் தெருவில் என்னை நிறுத்தி, “தம்பி, உந்த ஒழுங்கையை ஆர் அடைச்சது?” என்று கேட்டார்.

“கவுன்சில்ல அடைச்சிட்டாங்கம்மா” என்றேன்.

“ஊரில ஆமி அடைச்ச ஒழுங்கையளைச் சுத்திச் சுத்தி நடந்த கால். இஞ்சயும் சுத்த வேண்டிக் கிடக்கு” என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்தில் குடியிருக்கும் தமிழ்ப் பையன், இதைச் செய்திருப்பான் என்று எப்படித் தோன்றும்?

கொஞ்ச நாள் சுற்றி நடந்து பார்த்தார். மூட்டு வலிக்காரர், அத்தனை தூரம் முடியவில்லை. இப்போது வார இறுதியில் மகன் காரில் கூட்டிப் போனால்தான் வெளியே வருகிறார். மற்றவர்கள் சுற்றித்தான் நடக்கிறார்கள். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் டோங்கா நாட்டுப் பெண்மணி ஒருவர் மழைக் கோட்டோடு விடியுமுன் தெருவின் முழு நீளத்தையும் நடப்பதை என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். ஒரு நாளும் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்ள எனக்கு முகம் இருந்ததில்லை. பையன்கள் பெரிய சாலையின் பேருந்து நிழற்குடைக்கு இடம் மாறினார்கள். நான் யாரை விரட்ட நினைத்தேனோ அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

தமிழ்நாட்டில் நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். எழுமலைக்கு அருகே உத்தப்புரம் எனக்குப் பக்கத்து ஊர். 1989-இல் நடந்த சாதிக் கலவரத்துக்குப் பிறகு, தலித் மக்கள் வராதபடி அங்கே ஆதிக்க சாதியினர் சுமார் 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். பொதுவழி அடைபட்டது. சுவரின் ஒரு பகுதியில் மின்கம்பிகூட இழுத்தார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் தொடர்ந்து போராடியதால், 2008 மே 6 அன்று அரசு சுவரின் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. தங்களுக்கு ஒரு பேருந்து நிழற்குடை வேண்டும் என்பதும் அந்த மக்கள் கேட்டவற்றில் ஒன்று. பாப்பாட்டோடோ அறையில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஊருக்குப் போன் போட்டேன். சுவர் கட்டியவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் பிறந்ததும் அந்த வட்டாரத்தில் சுவர் கட்டும் பக்கம் நிற்கிற சாதிகளில் ஒன்றில்தான். அதிலிருந்து விலகி வந்துவிட்டேன், இந்த நாட்டில் யாரும் என்னை என்ன ஆள் என்று கேட்பதில்லை, அதனால் அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நம்பினேன்.

உத்தப்புரமும் எங்கள் தெருவும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்த கொடுமையோடு இதை நிறுத்துக் காட்டினால் அந்த மக்களின் வலியைச் சிறுமைப்படுத்தியவனாவேன். நான் சொல்வது என்னைப் பற்றி மட்டும். ‘அவர்கள்’ என் வாசல் ஓரமாக நடக்கக் கூடாது என்ற ஆசை, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்த சாமர்த்தியம், சுற்றிப் போனால் என்ன என்ற அலட்சியம், மூன்றும் ஊரிலிருந்து என்னோடுதான் விமானம் ஏறின. சாதி கேட்கப்படாத இடத்தில் அவை வேறு ஆட்களைத் தேடிக்கொண்டன.

அதைவிட உறுத்துவது, அதே வருடங்களில் நான் பேசிய பேச்சு. ஆள் குறைவு என்று வெஸ்ட்ஃபீல்ட், தே மாஹியா ரயில் நிலையங்களை மூடும் யோசனை வந்தபோது, எங்கள் மனுரேவாவின் தே மாஹியாவை மூடக் கூடாது என்று பேசினவர்களில் நானும் ஒருவன். வெஸ்ட்ஃபீல்ட் 2017-இல் மூடப்பட்டது, தே மாஹியா தப்பியது, மகிழ்ந்தேன். நகரத்திலிருந்து மவுண்ட் ராஸ்கில் வரை நான்கு ஆண்டுகளில் இலகு ரயில் என்று 2017 தேர்தலின்போது தொழிற்கட்சித் தலைவர் ஜசிந்தா ஆர்டர்ன் அறிவித்தார். ஒரு மீட்டர் தண்டவாளம் போடாமலே 2024 ஜனவரியில் புதிய அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்தப் பாதையைப் பின்னர் நீட்டவிருந்த மாங்கரேயின் மக்களுக்கு இன்றும் ரயில் இல்லை, ஏழைப் பேட்டைகளை இப்படித்தான் நடத்துவார்கள் என்று விருந்து வீடுகளில் உரக்கப் பேசினேன். நகரின் நடுவே 3.45 கிலோமீட்டர் சுரங்க ரயில் பாதைக்குச் சுமார் 550 கோடி டாலர் செலவழிக்கிறார்களே என்றும் கேட்டேன். அந்தச் சுரங்கம் தேவைதான், அதில் எனக்கு இப்போது ஐயமில்லை. ஆனால் அத்தனை கோடியில் கட்டிய ரயிலுக்கும் ஒருவர் தன் வீட்டு வாசலிலிருந்து நடந்துதான் வர வேண்டும். அரசுகள் போடாமல் விட்ட பாதையை எண்ணிக்கொண்டிருந்தவன், இருந்த பாதை ஒன்றைத் தன் கையால் அடைத்திருந்தான்.

அண்மையில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், அடைக்கச் சொல்லி மனு எழுதியது நான்தான் என்று சொன்னேன். “ஏன் தம்பி?” என்று மட்டும் கேட்டார். பையன்கள் கூடினார்கள், பயம் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் தேநீர் போட எழுந்து போனார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் பகுதி நிலத்தைக் காசு வாங்காமல் திருப்பித் தரத் தயார் என்று கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறு பகுதி பக்கத்து வீட்டுக்காரருடையது. அவருக்கு விருப்பமில்லை. அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஏனென்றால் அவரை அன்று இசைய வைத்தவனே நான். முடுக்கின் பாதியை மட்டும் திறந்து பயனில்லை. ஆகவே நடந்தது நடந்ததாகவே இருக்கிறது.

மனுரேவாவிலோ ஓட்டாராவிலோ பாப்பாட்டோடோவிலோ இப்படிப்பட்ட தெருக்களில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெரு முடுக்கை அடைக்க யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தால், திரை மூடிய வீடுகளின் கதவையும் தட்டினீர்களா என்று கேளுங்கள். அறிவிப்பு ஒட்டப்பட்டுவிட்டால் 40 நாளுக்குள் ஆட்சேபம் எழுதுங்கள். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் எழுதிக் கொடுங்கள். ஒரு கடிதம் போதும்.